அளந்து தரப்படும் உழைப்பு: உயர் இரத்த அழுத்தமும் இதய மறுவாழ்வுச் சிகிச்சையும்

உயர் இரத்த அழுத்தம் உள்ளவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வழக்கத்தைவிடக் கூடுதலான எதிர்ப்பைத் தாண்டி இரத்தத்தை வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை நிகழும் இந்த அதிகப்படியான உழைப்பு, வலியாகவோ சோர்வாகவோ வெளியில் தெரியாமல் பல ஆண்டுகள் நீடித்து, பின்னர் ஒருநாள் மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ இதயச் செயலிழப்பாகவோ வெளிப்படுகிறது. இந்தியாவில் வயதுவந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு, அதாவது 31 கோடிக்கும் மேற்பட்டோருக்கு, இரத்த அழுத்தம் உயர்ந்திருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இணைந்து நடத்திய நாடளாவிய ஆய்வு 2023இல் தெரிவித்தது. சிகிச்சைக்கு வருபவர்களுக்குக்கூடப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு மாத்திரைச் சீட்டும், உப்பைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்னும் ஓரிரு அறிவுரைகளும்தான். எவ்வளவு தூரம், எந்த வேகத்தில், எத்தனை நாள், எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்துவது என்பவையெல்லாம் சொல்லப்படாமலே போகின்றன. மாத்திரையின் அளவை மில்லிகிராம் கணக்கில் எழுதும் மருத்துவம், உடலுழைப்பின் அளவை நோயாளியின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது.

அந்த ஊகத்தின் இடத்தில் அளவை வைப்பதற்காக உருவானதே இதய மறுவாழ்வுச் சிகிச்சை. மாரடைப்புக்குப் பின்னரும், அடைபட்ட இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்திய பின்னரும், பைபாஸ் போன்ற அறுவைகளுக்குப் பின்னரும், மருத்துவர், இயன்முறை மருத்துவர், செவிலியர், உணவியல் வல்லுநர் ஆகியோர் சேர்ந்து பல வாரங்கள் நடத்தும் கூட்டுச் சிகிச்சை இது. மேற்பார்வையில் நடக்கும் உடற்பயிற்சி இதன் மையம். உணவுத் திருத்தம், மருந்தை ஒழுங்காக எடுக்கச் செய்தல், புகையிலையை விடச் செய்தல், நோய் தந்த அச்சத்தையும் மனச்சோர்வையும் தணித்தல் ஆகியவை அதைச் சுற்றி அமைகின்றன. இச்சிகிச்சைக்கு வருபவர்களில் மிகப் பலர் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள். அவர்களின் இதயத்தைச் சேதப்படுத்தியதில் அந்த அழுத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும் உயர் இரத்த அழுத்தம் மட்டும் இருந்து இதயம் இன்னும் பழுதடையாதவருக்கு உலகின் பெரும்பாலான நாடுகளில் இச்சிகிச்சையின் கதவு திறப்பதில்லை. கேடு நேர்ந்த பின்னரே தரப்படும் ஒன்றை நேரும் முன்னரே தருவது எவ்வளவு பொருத்தமானது என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் அழுத்தம் இதயத்துக்கு என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

இரத்த அழுத்தம் இரண்டு எண்களாக எழுதப்படுகிறது. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது தமனிச் சுவரில் ஏற்படும் உச்ச அழுத்தம் மேல் எண். இதயம் விரிந்து மீண்டும் நிரம்பும்போது தமனியில் எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். மருத்துவமனையில் எடுக்கும்போது 140/90 என்ற அளவை எட்டினாலோ தாண்டினாலோ அதை உயர் இரத்த அழுத்தம் என்று பல நாடுகளின் வழிகாட்டுதல்கள் கொள்கின்றன. அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2017இல் அந்த எல்லையை 130/80 ஆகக் குறைத்தன. தமனிகளில் அழுத்தம் ஏறியிருக்கும்போது, உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இதயத்தின் இடது கீழறை அதை வென்றாக வேண்டும். நாள்தோறும் மூட்டை சுமப்பவரின் தோள் தசை தடிப்பதுபோல அந்த அறையின் சுவரும் தடிக்கிறது. தோளுக்குத் தடிப்பு வலுவாகலாம். இதயத்துக்கு அது கேடு. தடித்த சுவர் விறைத்துப் போவதால் விரியும் வேளையில் எளிதாகத் தளர்வதில்லை. ஆகவே இரத்தம் நிரம்புவதற்கும் கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டு, அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரலை எட்டுகிறது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது வயதின் இயல்பு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்களில் சிலருக்கு அது விறைத்த இதயத்தின் முதல் அறிகுறி.

இதயத் தசை தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெறும் விதம் இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. உடலின் மற்ற உறுப்புகளுக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்வது இதயம் சுருங்கும்போது. இடது கீழறையின் தசைக்கோ, சுருங்கும்போது அதன் உள்ளே செல்லும் நுண்குழாய்கள் நசுங்கிவிடுவதால், இரத்தம் பெரும்பாலும் விரியும் வேளையில்தான் வந்து சேர்கிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.85 நொடி, அதில் மூன்றில் இரண்டு பங்கு விரியும் வேளை. துடிப்பு 120 ஆக உயரும்போது ஒரு துடிப்பின் காலம் அரை நொடியாகச் சுருங்குகிறது; அப்போது குறைவது பெரும்பாலும் விரியும் வேளையே. ஆகவே வேகமாகத் துடிக்கும் இதயம் கூடுதலாக உழைப்பதோடு, உழைப்புக்குத் தேவையான ஆக்சிஜனைப் பெறும் நேரத்தையும் இழக்கிறது. தசை தடித்தவருக்கும் தமனி குறுகியவருக்கும் இந்த இழப்பைத் தாங்கும் சக்தி குறைவு. இதயத்தின் ஆக்சிஜன் தேவையைக் கணிக்க மருத்துவர்கள் கையாளும் எளிய அளவு, நாடித்துடிப்பையும் மேல் அழுத்தத்தையும் பெருக்கி வரும் எண். மாடிப்படி ஏறி முடித்த ஒருவருக்கு நாடி 120, மேல் அழுத்தம் 180 என்றால் அந்த எண் 21,600. சில மாதப் பயிற்சிக்குப் பின் அதே படிகளை அதே வேகத்தில் ஏறும்போது நாடி 105, அழுத்தம் 160 என்று அமைந்தால் அது 16,800 ஆகிறது. படிகள் மாறவில்லை, இதயத்தின் சுமை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. இதயத் தமனி குறுகியவருக்கு நெஞ்சுவலி பெரும்பாலும் இந்த எண் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொடும்போதே தோன்றுவதால், சுமை குறைந்த இதயத்தோடு அவர் வலியின்றிக் கூடுதல் தூரம் செல்ல முடிகிறது.

இன்று இது எளிதாகத் தோன்றினாலும், இதய நோயாளியை நடக்கவிடலாம் என்று மருத்துவம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. நெஞ்சுவலி நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்த ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நாள்தோறும் அரை மணி நேரம் மரம் அறுத்துவந்த ஒரு நோயாளி ஏறக்குறையக் குணமடைந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பதிவு 1802இல் அச்சாகியும் பின்வந்தோர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1912இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் மாரடைப்பை விவரித்தபோது முழு ஓய்வையே வலியுறுத்தினார். இறந்த தசை உறுதியான தழும்பாக மாற ஆறு வாரம் ஆகும் என்று பின்னர் கண்டறியப்பட்டதும், ஆறு வாரம் அசையாமல் படுத்திருப்பதே சிகிச்சை என்றாயிற்று. உணவைக்கூடப் பிறர் ஊட்ட வேண்டும் என்ற அளவுக்குக் கட்டுப்பாடு இருந்தது. நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்தும், நிமோனியா கண்டும், மனம் உடைந்தும் நோயாளிகள் துன்புற்றார்கள். பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் 81 நோயாளிகளைத் தொடக்க நாள்களிலேயே கட்டிலிலிருந்து இறக்கிச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, அதனால் தீங்கு நேரவில்லை என்று 1952இல் எழுதியபோது, மருத்துவ உலகில் கடும் எதிர்ப்பு எழுந்தது. நாற்காலியில் உட்காருவதே அன்று அத்தனை துணிச்சலாகக் கருதப்பட்டது.

படுக்கை ஓய்வு உடலை எவ்வளவு சிதைக்கும் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது டல்லாஸ் நகரில் 1966இல் நடந்த ஆய்வு. இருபது வயதுடைய நலமான ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே வைக்கப்பட்டார்கள். கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு, அதாவது ஒருவரின் உடல் திறனுக்கான முதன்மை அளவுகோல், அவர்களுக்கு ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்தது. பின்னர் தரப்பட்ட பயிற்சியில் இழந்ததை அவர்கள் மீட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபோது, முப்பதாண்டு முதுமை பறித்ததைவிட இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை பறித்ததே அதிகம் என்று தெரியவந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரை எழவிடாமல், தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களின் அன்பை யாரும் குறை கூற முடியாது. ஆனால் அந்த அன்பு நோயாளியின் இதயத்துக்கு உதவவில்லை என்பதே இவ்வாய்வு தரும் பாடம்.

உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைப்பதில் வெளித்தோற்றத்தில் ஒரு முரண் உண்டு. பயிற்சியின்போது அழுத்தம் ஏறவே செய்கிறது. நடை, மிதிவண்டி போன்ற, பெருந்தசைகள் தொடர்ந்து சீராக இயங்கும் பயிற்சிகளில் மேல் அழுத்தம் உழைப்புக்கேற்ப உயர்கிறது; கீழ் அழுத்தம் அப்படியே நிற்கிறது அல்லது சற்றுக் குறைகிறது. இயங்கும் தசைகளில் தமனிகள் விரிந்து கொடுப்பதே அதற்குக் காரணம். இரத்தம் விரைந்து ஓடும்போது தமனியின் உட்புறத் தோல் அந்த உராய்வை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்கிறது. அது தமனியைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. பயிற்சி முடிந்ததும் அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்புவதோடு நில்லாமல், அதற்கும் கீழே இறங்கிப் பல மணி நேரம் அங்கேயே தங்குகிறது. சிலருக்கு இது ஒரு நாள் வரையிலும் நீடிப்பதுண்டு. வாரத்தில் பெரும்பாலான நாள்கள் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்வதன் உட்பொருள் இதுவே: ஒரு நாள் பயிற்சியின் பயன் தீரும் முன் அடுத்த நாள் பயிற்சி வந்துவிட வேண்டும். வாரங்கள் செல்லச் செல்ல, உடலைப் பரபரப்பு நிலையில் வைத்திருக்கும் பரிவு நரம்பு மண்டலத்தின் ஓங்கல் தணிகிறது. தமனிகளின் நெகிழ்வு கூடுகிறது. இன்சுலினுக்கு உடல் நன்கு இணங்குகிறது. இவையெல்லாம் சேர்ந்து உயர் அழுத்தம் உள்ளவரின் மேல் எண்ணைச் சராசரியாக 5 முதல் 8 வரை குறைக்கின்றன. ஒரு மாத்திரை தரும் பயனுக்கு இது ஏறத்தாழ இணையானது. ஆனால் பயிற்சியை விட்டால் சில வாரங்களில் இந்தப் பயனும் போய்விடும். மாத்திரையை நிறுத்தினால் நேர்வதும் இதுதான்.

இனி, அளவு எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதல் நாள் நோயாளியை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் படிந்து, கை இதயத்தின் மட்டத்தில் இருக்கும்படி அழுத்தம் அளக்கப்படுகிறது. பரபரப்பான புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நின்று வந்தவுடன் எடுக்கும் அளவைப் பயிற்சிக்கு அடிப்படையாகக் கொள்ள முடியாது. அடுத்து உடல் திறன் சோதனை. வசதியுள்ள இடங்களில் மின்னிதயப் பதிவுக் கம்பிகளை மார்பில் ஒட்டி, டிரெட்மில்லில் நடக்க வைத்து, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டுகிறார்கள். வசதியில்லாத இடங்களில், முப்பது மீட்டர் நீளமுள்ள தட்டையான தாழ்வாரத்தில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பதே பெருமளவுக்குப் போதுமானது. இச்சோதனையின்போது மருத்துவர் தேடுவது நாடித்துடிப்பை மட்டுமன்று. உழைப்பு கூடக்கூட மேல் அழுத்தம் ஏற வேண்டும். ஏறாமல் இறங்கினால் இதயத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள், சோதனை அங்கேயே நிறுத்தப்படும். மேல் எண் 250ஐயோ கீழ் எண் 115ஐயோ தாண்டினாலும் அப்படியே. ஓய்வில் இருக்கும்போதே அழுத்தம் 180/110க்கு மேல் இருப்பவருக்கு அன்று பயிற்சி இல்லை. முதலில் மருந்தால் அழுத்தத்தை இறக்கிய பின்னரே பயிற்சி.

பயிற்சியின் தீவிரத்தை நாடித்துடிப்பைக் கொண்டு நிர்ணயிப்பது வழக்கம். ஓய்வு நாடிக்கும் உச்ச நாடிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் குறிப்பிட்ட விழுக்காட்டை எடுத்து, அதை ஓய்வு நாடியோடு கூட்டி இலக்கு வகுக்கிறார்கள். பின்லாந்தின் மார்ட்டி கார்வோனன் 1957இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த முறை இது. ஆனால் அழுத்தத்துக்கும் மாரடைப்புக்கும் பரவலாகத் தரப்படும் மெட்டோபிரோலால், அட்டினோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் நாடித்துடிப்பை உயரவிடாமல் பிடித்துவைக்கின்றன. இம்மருந்தை உட்கொள்பவர், வயதை 220இலிருந்து கழித்து உச்ச நாடியைக் கணக்கிடும் பொதுவிதியை நம்பி, கைக்கடிகாரம் காட்டும் எண்ணை எட்ட முயன்றால் தம் அளவுக்கு மீறி உடலை வருத்திக்கொள்வார். ஆகவே மருந்தை உட்கொண்ட நிலையிலேயே திறன் சோதனை செய்து அதிலிருந்து இலக்கை வகுக்கிறார்கள். அதோடு, சுவீடனின் உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய, 6 முதல் 20 வரையிலான அளவுகோலையும் கையாள்கிறார்கள். எந்தச் சிரமமும் இல்லையென்றால் 6, இனி ஓரடியும் முடியாதென்றால் 20. நோயாளி தாம் உணரும் சிரமத்துக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். 11 முதல் 14 வரை பயிற்சிக்கு உகந்த எல்லை. இதையும்விட எளிய சோதனை பேச்சு: நடந்துகொண்டே முழு வாக்கியங்கள் பேச முடிய வேண்டும், பாட முடிந்தால் வேகம் போதாது, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

மருந்துகளோடு பயிற்சி கொள்ளும் உறவு இங்கேயே முடிவதில்லை. தமனிகளை விரிக்கும் அம்லோடிபின் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர் வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால், கால் தசைகளில் விரிந்திருக்கும் குழாய்களில் இரத்தம் தேங்கி, அழுத்தம் திடீரென்று விழுந்து, கண் இருண்டு மயக்கம் வரக்கூடும். பயிற்சி முடிவில் ஐந்து முதல் பத்து நிமிடம் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து நடப்பது அதனால்தான் கட்டாயமாகிறது. நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர்கள் சித்திரை, வைகாசி வெயிலில் நடந்து வியர்வையையும் இழந்தால், நீரும் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து தசைப்பிடிப்பும் துடிப்புச் சீர்கேடும் நேரலாம். அக்காலத்தில் அவர்களின் நடை விடிகாலைக்கோ, வெயில் தாழ்ந்த மாலைக்கோ மாற வேண்டும். பயிற்சியால் அழுத்தம் குறையத் தொடங்கியதும் மருந்தின் அளவையும் மருத்துவர் திருத்த வேண்டியிருக்கும். நோயாளி தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுவது மிகப் பரவலான, மிக ஆபத்தான பழக்கம். அழுத்தம் சரியாக இருப்பது மாத்திரை வேலை செய்வதற்குச் சான்றே அன்றி, மாத்திரை வேண்டாம் என்பதற்குச் சான்று அன்று.

பளு தூக்கும் பயிற்சி குறித்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. 1985இல் கனடாவில் மக்டூகல் குழுவினர், உடற்கட்டுப் பயிற்சியாளர்கள் இரு கால்களாலும் பெரும்பளுவை உந்தும்போது தமனிக்குள் செலுத்திய குழாயின் மூலம் அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள்; சராசரி 320/250 ஆக ஏறியது, ஒருவருக்கு 480/350ஐயும் தாண்டியது. மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவதே இந்த ஏற்றத்துக்குப் பெரும் காரணம். எனினும் இதய மறுவாழ்வுச் சிகிச்சையில் பளுவை முற்றிலும் விலக்குவதில்லை. எளிதாகப் பத்துப் பதினைந்து முறை தூக்கக்கூடிய இலேசான எடையை, தூக்கும்போது மூச்சை வெளியே விட்டபடி கையாளச் சொல்லித் தருகிறார்கள். தசை வலுவிழந்த முதியவருக்கு இது நடையைப் போலவே இன்றியமையாதது. இதே காரணத்தால் யோகப் பயிற்சியிலும் அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள் மூச்சை நெடுநேரம் உள்ளடக்கும் கும்பகத்தையும், தலைகீழாக நிற்கும் ஆசனங்களையும் தவிர்க்க வேண்டும். வீட்டு வேலையே போதுமான உடற்பயிற்சி என்று பெண்களிடம் சொல்லப்படுவதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். குடம் தூக்குவதும் குனிந்து பெருக்குவதும் விட்டுவிட்டு நிகழும் உழைப்பு. களைப்பு மிஞ்சுமே தவிர, இதயத்துக்குத் தேவையான சீரான அரை மணி நேர உழைப்பு அதில் அமைவது அரிது. உலகெங்கும் இதய மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் பெண்கள் குறைவாகவே அனுப்பப்படுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட உண்மை.

இத்தனை கவனத்தோடு தரப்படும் பயிற்சி அழுத்தத்தைக் குறைப்பதோடு தடித்த இதயத்தையும் திருத்துமா என்ற கேள்விக்கு, 1995இல் பீட்டர் கொக்கினோஸ் குழுவினர் வாஷிங்டனில் நடத்திய ஆய்வு விடை தந்தது. கடுமையான உயர் அழுத்தத்துக்கு மருந்து எடுத்துவந்த ஆப்பிரிக்க-அமெரிக்க ஆண்கள் 46 பேரில் ஒரு பகுதியினர் வாரம் மூன்று முறை நிலை மிதிவண்டி ஓட்டினார்கள். பதினாறு வாரத்தில் அவர்களின் கீழ் எண் சராசரியாக 88இலிருந்து 83க்கு இறங்கியது. இடது கீழறைத் தசையின் நிறையும் குறைந்தது. அதன் பின்னர் மருந்தின் அளவைக் குறைத்த நிலையிலும் அழுத்தம் மீண்டும் ஏறாமல் நின்றது.

இதைவிட நேரடியான சான்று 2021இல் வந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர், பல மருந்துகள் கொடுத்தும் அழுத்தம் கட்டுக்குள் வராத 140 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினர் நான்கு மாதம் இதய மறுவாழ்வு மையத்துக்கே வந்து வாரம் மூன்று முறை மேற்பார்வையில் பயிற்சி செய்தார்கள்; காய்கறி, பழம், கொழுப்பு நீக்கிய பால் மிகுந்த, உப்பும் கலோரியும் குறைந்த உணவுமுறையை வாரந்தோறும் உணவியல் வல்லுநரிடம் கற்றுக்கொண்டார்கள். மற்றப் பிரிவினருக்கும் உணவும் உடற்பயிற்சியும் பற்றிய அறிவுரை கிடைத்தது. ஆனால் ஒரே ஓர் அமர்வில் எடுத்துச் சொல்லி, எழுத்திலும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்கு மாத முடிவில் முதல் பிரிவினருக்கு மேல் எண் 12.5 குறைந்தது, இரண்டாம் பிரிவினருக்கு 7.1. நாள் முழுவதும் கருவியைக் கையில் கட்டி அன்றாட வேலைகளுக்கிடையே அளந்தபோது வேறுபாடு இன்னும் தெளிவாயிற்று: முதல் பிரிவில் 7 குறைந்திருக்க, மற்றதில் ஏறத்தாழ எந்த மாற்றமும் இல்லை. மாரடைப்பும் மரணமும் குறைந்தனவா என்று தீர்ப்பளிக்கும் அளவுக்கு இவ்வாய்வு பெரியதன்று. எனினும் சொல்லி அனுப்புவதற்கும் உடனிருந்து செய்விப்பதற்கும் உள்ள தொலைவை அது எண்களால் காட்டிவிட்டது. இதயத் தமனி நோய் ஏற்கெனவே வந்தவர்களிடம் மறுவாழ்வுச் சிகிச்சையின் பயன் இன்னும் உறுதியானது. 85 ஆய்வுகளையும் 23,000க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் தொகுத்த 2021ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, இதய நோயால் நேரும் மரணம் ஏறத்தாழக் கால் பங்கு குறைவதாகக் கண்டது.

உணவில் உப்பைப் பற்றி ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பைப் பரிந்துரைக்கிறது. இந்தியர்கள் சராசரியாக அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு உண்கிறார்கள். தமிழர் சமையலறையில் இது குழம்பில் போடும் உப்போடு நிற்பதில்லை. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு என்று தட்டின் ஓரத்தில் வந்து சேர்வதே கணக்கில் வராமல் போகிறது. மறுவாழ்வு மையத்தில் உணவியல் வல்லுநர் முதலில் கேட்பது இந்த ஓரத்தைப் பற்றித்தான்.

இந்தியாவில் இதய மறுவாழ்வு மையங்கள் பெருநகரங்களின் சில பெரிய மருத்துவமனைகளோடு நின்றுவிடுகின்றன. இந்நிலையில் செலவும் கருவியும் குறைந்த ஒரு மாற்றைத் தேடி, பேராசிரியர் துரைராஜ் பிரபாகரனும் உடனிருந்த ஆய்வாளர்களும் நாட்டின் 24 மருத்துவமனைகளில், மாரடைப்புக்கு உள்ளான 3,959 பேரிடம் யோகத்தை அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வு முறையைச் சோதித்தார்கள். மூன்று மாதத்தில் 13 அமர்வுகள். 2020இல் வெளியான முடிவின்படி, மறு மாரடைப்பு, மரணம் போன்ற பெருங்கேடுகளில் ஐயமறச் சொல்லத்தக்க குறைவு ஏற்படவில்லை. ஆனால் யோகம் பயின்றவர்களின் உடல்நல உணர்வு மேம்பட்டது, மாரடைப்புக்கு முன் செய்துவந்த வேலைகளுக்கு அவர்கள் கூடுதலாகத் திரும்பினார்கள். யோகமே எல்லாவற்றையும் தீர்க்கும் என்போருக்கும், அதில் ஒன்றுமில்லை என்போருக்கும் இம்முடிவு இடம் தரவில்லை. நேர்மையான ஆய்வின் இயல்பு அதுதான்.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஓரளவு ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அழுத்தம் அளக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களோடு இயன்முறை மருத்துவர்களும் வீடுகளுக்குச் செல்கிறார்கள். 2023 நவம்பர் முதல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளமிடப்பட்டிருக்கின்றன. இல்லாதது இவ்விரண்டையும் இணைக்கும் அளவு மட்டுமே. ஆறு நிமிட நடைச் சோதனைக்கு வேண்டியவை முப்பது மீட்டர் தாழ்வாரம், ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், அழுத்தமானி ஆகியவைதான். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இவற்றைத் திரட்டிவிடலாம். அழுத்தத்துக்கு மாத்திரை பெறும் ஒவ்வொருவருக்கும் இச்சோதனையைச் செய்து, எத்தனை நிமிடம், எந்த வேகத்தில், வாரத்துக்கு எத்தனை நாள், எந்த அறிகுறியில் நிறுத்துவது என்பதை மாத்திரைச் சீட்டிலேயே எழுதித் தருவதை அரசு நடைமுறையாக்க வேண்டும். அதுவரை, அழுத்த மாத்திரை உட்கொள்ளும் வாசகர்கள் அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது இந்நான்கையும் தாமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மாரடைப்போ ஸ்டென்டோ கடந்தவராயின், தம் ஊருக்கு அருகில் இதய மறுவாழ்வு மையம் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.